பூஜைக்கு வைத்த இரண்டு மானிட்டர்கள்

எனக்கு இரண்டு மானிட்டர் வேண்டும் என்று சொன்ன அன்று வீட்டில் இருந்த இரண்டு பேருமே சிரித்தார்கள். என் கணவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உனக்கு இருக்கது ஒரு தலைதானே, அதுக்கு ஒரு ஸ்க்ரீன் போராதா?" என்றார். பயறு தொலித்துக்கொண்டிருந்த என் மாமியார் முறம் குலுங்கச் சிரித்தார். இதைச் சொன்ன மனிதர் கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் தன் அலுவலகத்தில் மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்ப்பவர். அதைப் படம் எடுத்து உறவினர்களின் வாட்ஸப் குழுவில் போட்டவர். அவருக்கு எத்தனை தலை என்று நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் செய்வது மொழிபெயர்ப்பு. காலையில் தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் போய் நின்று பார்த்தால் தெரியும், நாகர்கோவிலிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஸ்கேன் படங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளை நம்பி வருகிறவர்கள். வைத்தியம் நன்றாகவே நடக்கும். வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற தாள் மட்டும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எப்போது குளிக்கலாம், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அந்தத் தாளில்தான். அவற்றைத் தமிழாக்கித் தருவது என் வேலை. நான் நாகர்கோவிலில் தமிழில் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு மலையாளம் படித்துக்கொண்டேன். ஒரு ஏஜென்சி வழியாகத் தாள் தாளாக வேலை வரும், முடித்து அனுப்புவேன்.

ஒரே திரையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். ஆங்கிலத் தாள் ஒரு ஜன்னலில், தமிழ் ஒரு ஜன்னலில், மருந்துப் பெயர்களின் பட்டியல் இன்னொன்றில். ஒன்றைத் திறந்தால் மற்றது மறையும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்து எறும்பாகச் சிறுத்துவிடும். மாறி மாறிப் போகையில் கண் ஒரு வரியைத் தாண்டிவிடும். தாண்டின வரி "வெறும் வயிற்றில் போடக் கூடாது" என்பதாக இருந்தால் என்ன ஆகும்? நான் ஒவ்வொரு தாளையும் மூன்று முறை சரிபார்த்தே அனுப்புவேன். அதனால் மற்றவர்கள் செய்வதில் பாதிதான் என்னால் முடியும்.

ஆனால் வீட்டில் இதற்கு வேலை என்று பெயர் கிடையாது. வருகிறவர்களிடம் மாமியார் சொல்லுவது, "அவளுக்கும் நேரம் போகணும்லா, கம்ப்யூட்டர்ல என்னமோ அடிச்சுக்கிட்டிருப்பா" என்பதுதான். கணவர் "டைப்பிங்" என்பார். அந்தக் கம்ப்யூட்டரும் எனக்காக வாங்கினதல்ல. ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கினது. அவள் கோயம்புத்தூரில் விடுதிக்குப் போன பிறகு, மிஞ்சின குழம்பு போல என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எனக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது அப்போதுதான். மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை. இரண்டு நிபந்தனைகள். இரண்டு திரை இருக்க வேண்டும்; ஒன்றில் அவர்கள் தரும் மூலத்தாள் மூடாமல் திறந்தே இருக்கும், மற்றதில் நான் எழுத வேண்டும். அப்புறம் ஒரு முழு நாள், அவர்கள் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்க, சோதனையாக வேலை செய்து காட்ட வேண்டும். அந்த நாள் நவராத்திரி நவமியன்று விழுந்தது. அவர்கள் ஊரில் நவமி ஏது? வேறு நாள் கிடைக்குமா என்று கேட்டேன். அன்றைக்கு முடியாவிட்டால் வரிசையில் அடுத்தவரைப் பார்ப்போம் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது.

வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் செகண்ட்ஹேண்ட் மானிட்டர் ஒன்று வாங்கினேன். கேபிளுக்காகத் தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். என் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை எல்லாம் படமெடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். இந்தத் துளையில் பழைய மானிட்டர் இருக்கிறது, அந்தத் துளை காலி, அதற்கு எது வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் படத்தைப் பார்க்கவேயில்லை. "சேச்சி, சேட்டனெ ஒண்ணு விளிச்சு தரூ, ஞான் பறஞ்ஞு கொடுக்காம்" என்றார். வீட்டு ஆம்பளையைப் போனில் பிடித்துக் கொடுத்தால் அவரிடம் சொல்லுவாராம். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. கண்ணாடி அலமாரிக்குள் தொங்கின கேபிளை விரலால் காட்டி, அதுதான், எடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். சரியானதாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் தாமாகவே வந்து மேஜைக்கு அடியில் குனிந்தார். எதையோ மாட்டினார். இரண்டு மானிட்டரிலும் வெளிச்சம் வந்தது. "ஆ, ரெண்டுலயும் வந்தாச்சு. இதுக்காக்கும் இத்தர பகளம்" என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார். பகளம் என்றால் இந்த ஊரில் ஆர்ப்பாட்டம். போய்ப் பார்த்தால் ஒரே படம் இரண்டிலும் தெரிகிறது. இடதில் எதைத் திறந்தாலும் அதுவே வலதிலும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாமி படத்துக்கு எதிரில் கண்ணாடி வைத்தது போல இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா?

கூப்பிட்டால் "அப்புறம்" என்பார் என்று தெரியும். நானே அமைப்புகளைத் திறந்து தேடினேன். "டூப்ளிகேட்" என்று இருந்ததை "எக்ஸ்டெண்ட்" என்று மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாற்றினதும் மேஜை இரண்டு மடங்கு அகலமானது. ஆனால் மவுஸ் அம்பை இடது பக்கம் தள்ளினால் அது சுவரில் முட்டின மாதிரி நின்றது. வலது ஓரத்துக்குத் தள்ளினால் இடது மானிட்டரில் போய்த் தலைகாட்டியது. புது மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் ஒன்று, இரண்டு என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டாவதைப் பிடித்து இழுத்து இடது பக்கம் வைத்தேன். அம்பு இடதிலிருந்து வலதுக்கு வழுக்கிக்கொண்டு போனது. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். ஒரு தாளை அப்போதே எடுத்துச் செய்து பார்த்தேன். ஒரு வரிகூடத் தப்பவில்லை.

சோதனை நாளைப் பற்றி இருவரிடமும் சொல்லியிருந்தேன். மாமியாரிடம், எனக்கு ஒரு பரீட்சை வருகிறது, தேறினால் நிரந்தர வேலை என்று சொன்னேன். நாள் சொல்லவில்லை, அவர் அப்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கணவரிடம் நாளையும் நேரத்தையும் சொன்னேன். அன்று காலையில் அவருடைய வீடியோ கால் எதையும் வீட்டு இணையத்தில் வைத்துக்கொள்ளாமல் கைபேசியில் வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். அஷ்டமிக்கு முந்தின நாளும் ஞாபகப்படுத்தினேன். "செரி செரி" என்றார்.

அஷ்டமி சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை வைப்பு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அஷ்டமியன்று புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி முன்னால் வைத்தால், தசமி காலையில் பூஜை எடுக்கும் வரை தொடக் கூடாது. நடுவில் வரும் நவமியன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. நான் இதைக் கேலி செய்கிறவள் இல்லை. பொட்டலம் கட்டின பேப்பரில்கூட அன்று கண்ணை ஓட்டக் கூடாது என்று வளர்ந்தவள். இந்த முறை மட்டும் அகராதியையும் பேனாவையும் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை விட்டுவிடுவது, தேவியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள்வது என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். கம்ப்யூட்டரைப் பூஜைக்கு வைக்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் அதுவரை இல்லை.

அவலும் பொரியும் பூவும் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு மாமியார் என்னை அனுப்பினார். கோட்டைக்குள் நவராத்திரிக் கூட்டம், பஸ் நகரவில்லை. துலாமாச மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்து, கால் கழுவி, பூவை எடுத்துக்கொண்டு பூஜையறைக்குள் போனேன்.

பலகைமேல் சரஸ்வதி படம். அதன் முன்னால் மகளின் பழைய பாடப் புத்தகங்கள், என் அகராதி. அவற்றுக்குப் பின்னால் என் இரண்டு மானிட்டர்களும் அக்கம்பக்கமாக நின்றன. ஒவ்வொரு திரையின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீபோர்டின்மேல் துளசி. கம்ப்யூட்டர் பெட்டிக்கு மாலை. எல்லாவற்றையும் சுற்றி மாமியாரின் கசவு நேரியது, சரிகைக் கரை வைத்த மேல்துணி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அத்தை, இத ஏன் இங்க வச்சிய?"

"உனக்குப் பரீட்சை உண்டுன்னு சொன்னேல்லா மக்ளே. தேவி காலடியில இருந்து எடுத்தா நல்லா வரும்லா."

"பரீட்சை நாளைக்கு அத்தை. இதுலதான் எழுதணும்."

மாமியாரின் முகம் மாறியது. "நாளைக்கா? நாளைக்கு நவமியில்லா. நவமியில ஆராவது பரீட்சை வைப்பாளா?" படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தெரியாமப் போச்சே. ஆனா வச்சது வச்சதுதான், பாத்துக்கோ. தசமிக்குப் பூஜை எடுத்த பொறவுதான் தொடணும்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார். அப்போதுதான் என் கண் கேபிள்களில் விழுந்தது. வளையம் வளையமாகச் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டு ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. பழைய மானிட்டரின் கேபிளில் இரண்டு பக்கமும் சின்னத் திருகாணி உண்டு. அதைத் திருகிக் கழற்றுகிற விரல் மாமியாருக்கு இல்லை. அவருடைய கை வாதம் எல்லோருக்கும் தெரியும். இந்த வீட்டில் கேபிளை இப்படி அழகாகச் சுற்றி வைக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

கணவர் சாப்பாட்டு மேஜையில் தன் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே கழத்துனிய?"

"அம்மா சொன்னா. இடியும் வரும்போல இருந்தது. எப்பிடியும் கழத்தத்தானே வேணும்."

"நாளைக்கு எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா. நெட்ட விட்டுத்தாங்கன்னு நேத்துகூடச் சொன்னேன்."

"தெரியும். அம்மா ஆசப்பட்டுச் சொல்லும்போ எப்பிடி வேண்டாம்னு சொல்ல? நீ ஒரு மெயில் அனுப்பு. வேற நாள் தருவான். வீட்ல இருந்து செய்யற பரிபாடிதானே, இது என்ன பெரிய காரியம்."

தெரியும் என்றார். மறந்துபோச்சு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் அதை நம்புவதுபோல நடித்திருப்பேன். தெரிந்தே மேஜைக்கு அடியில் குனிந்து, தெரிந்தே ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, தெரிந்தே சுற்றி ரப்பர்பேண்ட் போட்டிருக்கிறார். "அவளுக்கு நாளைக்கு வேண்டும் அம்மா" என்று ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"உங்க லேப்டாப்ப ஏன் பூஜைக்கு வைக்கல?"

"இது ஆபீஸ் லேப்டாப். நாளைக்கு எனக்குக் கிளையன்ட் கால் உண்டு" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மகன் உடைத்தால் என்ன குடம் என்று பழமொழி சொல்லவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் நான் அன்று ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு அந்த வேலையை விட்டுக்கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். தேவிக்காக விட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அவர் கை அதன்மேல் இருக்கும்போதே லேப்டாப்பை மூடினேன். எடுத்துக்கொண்டு நேரே பூஜையறைக்குப் போனேன். மூடியின்மேல் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, என் மானிட்டர்களுக்குப் பக்கத்தில் சரஸ்வதியின் வலதுகைப் பக்கமாக வைத்துக் கும்பிட்டேன். ஒரு தாமரையும் சாத்தினேன்.

"என்ன விளையாட்டு இது" என்று பின்னாலேயே வந்தவர், பூஜையறை வாசலில் நின்றுவிட்டார். நாற்பத்தொன்பது வயதுக்காரர், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வச்சது வச்சதுதானே அத்தை?" என்றேன்.

மாமியார் எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். கடைசியில் மகனிடம், "ஆபீஸ் சாமானாக்கும். உத்தியோகம்லா. தேவி பொறுத்துக்கிடுவா. நீ எடுத்துக்கோ மக்கா" என்றார்.

அவர் எடுத்துக்கொண்டார். குங்குமத்தைச் சட்டை நுனியால் துடைத்தபடியே போனார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை நான் அதுவரை வாயால் மட்டும்தான் சொல்லியிருந்தேன். நேரியதை விலக்கினேன். முதல் மானிட்டரைத் தூக்கினேன்.

"எட்டி, வேண்டாம். பாவம் கேட்டியா" என்றார் மாமியார்.

"அவியளப் பொறுத்துக்கிட்ட தேவி என்னையும் பொறுத்துக்கிடுவா அத்தை. இல்லன்னா ரெண்டு பேரையும் சேத்துத் தண்டிக்கட்டும்."

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் தாயே மன்னிச்சுக்கோ என்றுதான் தூக்கினேன். மேஜைக்கு அடியில் குனிந்து திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் வந்து நின்று, "தா, நான் மாட்டித் தாரேன்" என்றார். தொட வேண்டாம் என்றேன். நான் சொன்ன விதத்தில் அவர் ஓரடி பின்னால் போனார். ஈரத் துணியால் திரைகளைத் துடைத்தேன். சந்தனத்தின் மஞ்சள் ஓரத்தில் லேசாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, விட்டுவிட்டேன்.

நவமி காலையில் நான் போட்ட காப்பியை மாமியார் குடிக்கவில்லை. நான் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கேட்டபடியே இரண்டு திரை, ஒன்றில் மூலம், ஒன்றில் தமிழ். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, தாள்களை ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கியது. முடித்ததும் மைக்கை அணைத்துவிட்டுத் தமிழை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். வாயில் இடறும் வரி, படிக்கிறவருக்கும் இடறும். எழுத்தையே தொடக் கூடாத நாளில் எங்கள் வீட்டில் என் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவதோ நான்காவதோ தாள் கண்புரை அறுவைக்குப் பிறகு செய்ய வேண்டியவை. "கண்ணைக் கசக்கக் கூடாது. குனிந்து பாரம் தூக்கக் கூடாது. சொட்டு மருந்து விட்ட பிறகு சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவும்" என்று படித்தேன். நிமிர்ந்தபோது மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் அந்த அறுவை நடந்திருந்தது. நான் அப்போது நாகர்கோவிலில் என் அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

"குனியப்பிடாதுன்னா எழுதியிருக்கு?"

"ஆமா அத்தை. கொஞ்ச நாளைக்கு."

"எனக்கு அத ஆரும் சொல்லல்லியே. கொடம் கொடமா தண்ணி எடுத்தேனே. அவன்தான் பேப்பர வாசிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, மருந்த விட்டாப் போரும்னான்."

நான் திரைக்குத் திரும்பினேன். அடுத்த தாள் வந்துவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி பிறகு வந்தது.

மத்தியானம் கணவர் தன் கிளையன்ட் கால் முடிந்து வந்தார். என் அறை வாசலில் நின்று, நான் ஹெட்போன் மாட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே, "சோறு எடுத்து வைக்கலியா?" என்று கேட்டார். நான் அடுத்த வரிக்குப் போனேன். அடுக்களையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அவ வேலையில இருக்கா. அடுப்புமேல இருக்கு, எடுத்துப் போட்டுத் தின்னு."

வேலை என்ற அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ வருடம் ஏங்கியிருக்கிறேன். கேட்டால் மனம் குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. சட்டியில் கரண்டி கிளறுகிற சத்தத்துக்கு நடுவே, மூச்சுகூட வாங்காமல், அவரால் அதைச் சொல்ல முடிந்தது. அவ்வளவு சுலபமான ஒன்றையா எனக்கு இத்தனை காலம் தராமல் வைத்திருந்தார்கள் என்று வயிறு பற்றி எரிந்தது.